தட்டில் இட்லி, சாம்பாரில் கோதுமை: சீலியாக் நோய் இருப்பவர்கள் ஹோட்டலில் சாப்பிடுவது ஏன் இவ்வளவு சிக்கல்?

ஹோட்டலுக்குப் போனால் மெனு கார்டைப் பார்த்து, இன்னைக்கு என்ன சாப்பிடலாம் என்று யோசிப்பீர்கள். சீலியாக் நோய் உள்ள ஒருவர் அதே கார்டைப் பார்த்து, எதில் கோதுமை ஒளிந்திருக்கிறது என்று யோசிப்பார். சப்பாத்தி, பூரி, பரோட்டா எல்லாம் கண்ணுக்குத் தெரியும்; அவற்றைத் தவிர்ப்பது சுலபம். சாம்பாரில் போட்ட பெருங்காயம், சப்பாத்தி சுட்ட அதே கல்லில் ஊற்றிய தோசை, சமோசா பொரித்த அதே எண்ணெயில் பொரித்த வடை, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. மெனுவிலும் எழுதியிருக்காது.

உங்களுக்கோ, உங்கள் வீட்டில் ஒருவருக்கோ, அலுவலகத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கோ இந்த நோய் இருக்கலாம். "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆகிடப் போகுது?" என்று கேட்பதற்கு முன், அந்த ஒரு வாயில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சீலியாக் நோய் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் ஒரு புரதத் தொகுதிதான் குளூட்டன். சப்பாத்தி மாவைப் பிசையும்போது ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். நம்மில் பெரும்பாலானோருக்கு இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு குளூட்டன் உள்ளே போனதும், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்கும். சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அதன்பிறகு என்ன சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது.

அதனால்தான் வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம் மட்டுமில்லாமல், மாத்திரைக்குக் கட்டுப்படாத ரத்தசோகை, எலும்பு பலவீனம், குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமும் எடையும் இல்லாமல் இருப்பது என்று பல வடிவங்களில் இது வெளிப்படுகிறது. சிலருக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. உள்ளே பாதிப்பு மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

இது கோதுமை ஒவ்வாமையிலிருந்து வேறுபட்டது. ஒவ்வாமையில் சில நிமிடங்களிலேயே தோல் தடிப்பு, மூச்சுத்திணறல் வரலாம். சீலியாக், தன்னுடல் தாக்கு நோய்களில் ஒன்று. இதற்கு மருந்து மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத உணவு, அது ஒன்றுதான் சிகிச்சை. அதனால் இவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு என்பது ஃபேஷன் டயட் அல்ல. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ, இவர்களுக்கு இது அப்படி.

இந்தியாவில் எத்தனை பேருக்கு?

2016-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். சீலியாக் நோயைக் காட்டும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்தவர்களின் விகிதம், வயதுக்கேற்பச் சரிசெய்த பிறகு இப்படி இருந்தது:

வட இந்தியா: 1.23%
வடகிழக்கு: 0.87%
தென்னிந்தியா: 0.10%

வடக்கில் சுமார் 80 பேரில் ஒருவர். தெற்கில் 1,000 பேரில் ஒருவர். இந்த இடைவெளிக்கு மரபணு காரணமா? அதையும் பார்த்தார்கள். இந்த நோய்க்கு வழிவிடும் மரபணு வகை மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு என்கிற மாதிரி இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான். ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம், வடகிழக்கில் 37 கிராம், தெற்கில் 25 கிராம்.

இதிலிருந்து நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தெற்கில் இந்த நோய் அரிது. ஆனால் அதற்கு இடம் கொடுக்கும் மரபணு அரிது அல்ல. இங்கே அரிதாக இருப்பதாலேயே இன்னொரு சிக்கலும் வருகிறது. டெல்லியிலோ லூதியானாவிலோ "கோதுமை ஆகாது" என்று சொன்னால் புரிந்துகொள்ள ஒருவராவது இருப்பார். சென்னையிலோ மதுரையிலோ அப்படி ஒரு நோயைக் கேள்விப்பட்டவர்களே குறைவு.

எவ்வளவு குளூட்டன் உள்ளே போனால் ஆபத்து?

இத்தாலியில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், சீலியாக் நோயாளிகளுக்கு 90 நாட்கள் தினமும் அளந்து குளூட்டன் கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் 50 மில்லிகிராம் எடுத்தவர்களின் குடலில் பாதிப்பு தெரிந்தது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலானோருக்குப் பாதிப்பு வர வாய்ப்பு குறைவு என்பது இன்று பொதுவாக ஏற்கப்படும் அளவு.

10 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? கணக்கு சிம்பிள்தான். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் கோதுமை மாவு என்று வைத்துக்கொள்வோம். மாவில் ஏறக்குறைய 10.5% புரதம், அதில் ஐந்தில் நான்கு பங்கு குளூட்டன். அப்படியானால் ஒரு சப்பாத்தியில் சுமார் 2,500 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். அந்தச் சப்பாத்தியை 250 துண்டாகப் பிய்த்தால், அதில் ஒரு துண்டுதான் ஒரு நாள் கணக்கு. தோசைக் கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கே அந்த அளவுக்கு வந்துவிடும்.

"கொஞ்சமா சேர்த்திருக்கோம் சார்" என்ற பதில் இவர்களுக்கு ஏன் உதவாது என்பது இப்போது புரிந்திருக்கும்.

தென்னிந்திய ஹோட்டல்னா பிரச்சினை இல்லையே, எல்லாம் அரிசிதானே?

வடக்கிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்கு வரும் சீலியாக் நோயாளிகளிடம் பலரும் சொல்லும் ஆறுதல் இது. பாதிதான் உண்மை. இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், பொங்கல், உளுந்து வடை என்று அடிப்படையில் கோதுமை இல்லாத உணவுகள் உலகத்தில் வேறு எந்தச் சமையலிலும் இத்தனை இருக்குமா என்பது சந்தேகம்தான். சிக்கல் நான்கு இடங்களில் இருக்கிறது.

முதலாவது, பெருங்காயம். கடையில் பெரும்பாலும் கிடைப்பது கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயத்தின் காரத்தைக் குறைக்க அதில் கோந்தும் மாவும் சேர்ப்பார்கள். பல தயாரிப்புகளில் அந்த மாவு கோதுமை மாவு அல்லது மைதா. டப்பாவைத் திருப்பி, சேர்மானங்கள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சாம்பார், ரசம், பொங்கல், தயிர் சாதத் தாளிப்பு, இட்லி மிளகாய்ப்பொடி, ஊறுகாய் என்று பெருங்காயம் போகாத இடமே இல்லை. கடையில் வாங்கும் சாம்பார் பொடிக்குள்ளும் இதே கூட்டுப் பெருங்காயம் இருக்கக்கூடும்.

ஒரு சிட்டிகையில் என்ன ஆகிவிடும் என்று தோன்றுகிறதா? இதுவும் ஆய்வு முடிவல்ல, ஒரு மாதிரிக் கணக்குதான். 50 பேருக்கான சாம்பாரில் 10 கிராம் கூட்டுப் பெருங்காயம், அதில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கிராம் மாவில் சுமார் 420 மில்லிகிராம் குளூட்டன். ஆளுக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல். சாம்பாரிலேயே அன்றைய கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதன்மேல் ரசம், பொடி, இரண்டாவது கரண்டி சாம்பார் எல்லாம் வரும்.

இரண்டாவது, ரவை. ரவை தோசை, ரவை இட்லி, உப்புமா, கிச்சடி, கேசரி எல்லாம் கோதுமைதான். சேமியாவும் சம்பா ரவையும் அப்படியே. "மைதா இல்லைங்க, வெறும் ரவைதான்" என்று நல்ல எண்ணத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, பொதுவான கல்லும் எண்ணெயும். அரிசி மாவு தோசைக்குச் சற்று முன் அதே கல்லில் சப்பாத்தியோ ரவை தோசையோ கோதுமை தோசையோ போட்டிருப்பார்கள். எண்ணெய்ச் சட்டியில் பூரி, சமோசா, உளுந்து வடை எல்லாம் மாறி மாறிப் பொரியும். அமெரிக்காவில் பத்து உணவகங்களில் பொது எண்ணெயில் பொரித்த 20 உருளைக்கிழங்கு வறுவல்களை வாங்கிச் சோதித்த ஓர் ஆய்வு 2021-ல் வந்தது. வறுவலில் கோதுமையே கிடையாது. ஆனாலும் 20-ல் 9-இல் குளூட்டன் இருந்தது.

நான்காவது, இனிப்பு. மைசூர்பாகு, லட்டு கடலை மாவு, அதிரசம் அரிசி, ஜாங்கிரி உளுந்து. ஆனால் ஜிலேபி, பாதுஷா, குலாப் ஜாமூன் ஆகியவற்றில் மைதா. அல்வா என்றால் கோதுமைப் பாலாக இருக்கலாம்.

டெல்லிப் பக்கம் போனால்?

அங்கே கோதுமை வெளிப்படையாகவே இருக்கும். தந்தூர் அடுப்பில் ரொட்டியும் நானும் சுடும் இடத்திலேயே பனீர் டிக்காவும் கபாபும் வேகும். தால் தட்காவில் பெருங்காயம் இருக்கும். கிரேவி கெட்டிப்பட மைதா சேர்ப்பவர்களும் உண்டு. மக்காச்சோள ரொட்டி, கம்பு ரொட்டி என்று கேட்டு வாங்கினாலும், தட்டும்போது உடையாமல் இருக்கக் கொஞ்சம் கோதுமை மாவு கலப்பது சகஜம். இந்தோ-சைனீஸ் பக்கம் போனால் சோயா சாஸ். மரபான முறையில் அது சோயாவும் கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்க வைக்கப்படுகிறது.

பிரியாணி? அரிசி, இறைச்சி, தயிர், மசாலா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தம் போடும்போது பாத்திரத்தின் மூடியைச் சுற்றி ஒட்டுவது கோதுமை மாவுப் பிசையல். அதை உடைத்துத் திறக்கும்போது துணுக்குகள் உள்ளே விழலாம். கேட்டுக்கொள்வது நல்லது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் வடக்கில் உண்டு. நவராத்திரி நாட்களில் பல உணவகங்கள் விரதச் சாப்பாடு போடுகின்றன. விரதத்தில் கோதுமை, அரிசி இரண்டும் கிடையாது. குட்டு எனப்படும் பக்வீட் மாவு, சிங்காடா மாவு, ஜவ்வரிசி, குதிரைவாலி, உருளைக்கிழங்கு ஆகியவற்றில்தான் சமைப்பார்கள். பக்வீட் என்ற பெயரில் 'வீட்' இருந்தாலும் அது கோதுமை இனமே இல்லை. மாவு அரைத்த மில்லும் பொரித்த எண்ணெயும் தனியா என்று மட்டும் விசாரித்தால், சீலியாக் நோயாளிகள் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய நாட்கள் அவை.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. சைவத்துக்குத் தனிப் பாத்திரம், ஜைன உணவுக்கு வெங்காயம் பூண்டு இல்லாத தனிச் சமையல், விரதத்துக்குத் தனி மாவு என்று பிரித்துச் சமைக்க இந்திய சமையலறைகளுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதது, மருத்துவக் காரணத்துக்காக இப்படி ஒரு பிரிவு தேவைப்படுகிறது என்பதுதான்.

மெனுவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

போட்டிருப்பது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். அமெரிக்காவில் கையடக்கக் கருவியை வைத்து வாடிக்கையாளர்களே சோதித்த 5,624 முடிவுகளைத் தொகுத்து 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. குளூட்டன் இல்லை என்று சொல்லி உணவகங்கள் கொடுத்த உணவுகளில் 32%-இல் குளூட்டன் தென்பட்டது. பீட்சா, பாஸ்தா இரண்டிலும் பாதிக்கு மேல்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். சந்தேகம் வந்த உணவைத்தான் மக்கள் அதிகம் சோதித்திருப்பார்கள். அந்தக் கருவி மிகச் சிறிய அளவையும் காட்டிக்கொடுக்கும். அதனால் மூன்றில் ஒரு தட்டு ஆபத்து என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கோதுமை மாவு பறக்கும் சமையலறையில், பெயரை மட்டும் மாற்றினால் போதாது என்பதை அந்த ஆய்வு தெளிவாகவே காட்டுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பாக்கெட் உணவுக்கு விதி தெளிவாக இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாவிட்டால்தான் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிடலாம். சர்வதேச கோடெக்ஸ் அளவுகோலும் இதேதான். அந்த உச்ச அளவில் இருக்கும் உணவை அரைக் கிலோ சாப்பிட்டால்தான் 10 மில்லிகிராம் ஆகும்.

ஹோட்டலுக்கு? 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள், மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவில் கலோரி அளவோடு ஒவ்வாமைத் தகவலையும் தர வேண்டும் என்கின்றன. குளூட்டன் உள்ள தானியங்கள் அந்தப் பட்டியலில் உண்டு. 2022 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஆக, பெரிய சங்கிலி உணவகங்களில் நீங்கள் இந்தத் தகவலைக் கேட்கலாம்; கேட்பது சலுகை அல்ல, உரிமை. ஆனால் தெருமுனை மெஸ், நெடுஞ்சாலை தாபா, நான்கு கிளை வைத்திருக்கும் உள்ளூர் பவன்கள் இந்த வரம்புக்குள் வருவதில்லை. நாம் அதிகம் சாப்பிடுவது அங்கேதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல், பாக்கெட்டில் அடைக்காத உணவுக்கும் இந்தத் தகவல் கட்டாயம். கடை பெரியதா சின்னதா என்ற பேச்சு அங்கே இல்லை.

ஹோட்டலில் என்ன கேட்க வேண்டும்?

'குளூட்டன்' என்ற சொல்லையே தவிர்த்துவிடுங்கள். சர்வருக்கு அது குளுக்கோஸ் என்று கூடக் கேட்கலாம். பொருளின் பெயரைச் சொல்லுங்கள். ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் நேராகச் சமையலறைக்கே அனுப்பலாம்:

"எனக்குக் குடல் நோய் இருக்கிறது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி துளி கலந்தாலும் உடம்பு கெட்டுவிடும். கூட்டுப் பெருங்காயம், சோயா சாஸ் சேர்க்க வேண்டாம். கழுவிய பாத்திரம், தனிக் கரண்டி, புது எண்ணெயில் செய்து தர முடியுமா?"

வட இந்தியப் பயணத்துக்கு இந்தச் சொற்கள் போதும்: கோதுமை கேஹூ, கோதுமை மாவு ஆட்டா, ரவை சூஜி, உடைத்த கோதுமை தலியா, பார்லி ஜௌ, பெருங்காயம் ஹீங்.

"இதில் கோதுமை இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் சட்டென்று வரும். "இதை எப்படிச் செய்றீங்க, என்னென்ன போடுறீங்க?" என்று கேளுங்கள். உண்மையான பதில் அப்போதுதான் கிடைக்கும்.

கூட்டம் குறைவான நேரத்தில் போங்கள். மதியம் ஒரு மணிக்குக் கல்லைக் கழுவச் சொன்னால் யாருக்கும் முடியாது. பதினொன்றரைக்குச் சொன்னால் செய்து கொடுப்பார்கள். முடிந்தால் முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள்.

ஓரளவு நம்பகமான தேர்வுகள்: ஆவியில் வெந்த இட்லி, இடியாப்பம், வெறும் சாதம், தாளிக்காத தயிர், தேங்காய்ப் பால், வேகவைத்த முட்டை, பழம். சட்னி வேண்டுமென்றால் தாளிக்காமல் கேளுங்கள். வீட்டில் செய்த பொடியை ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோவது பெரிய உதவி.

விமானத்தில் போவதாக இருந்தால், டிக்கெட் போடும்போதே சிறப்பு உணவில் குளூட்டன் இல்லாத வகை இருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்களில் ஜி.எஃப்.எம்.எல் என்ற குறியீட்டில் அது இருக்கும். முன்பதிவு செய்தால்தான் கிடைக்கும்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்?

பதற்றப்பட வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டு, நிற்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரு நாள் தவறுவதை விட, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதுதான் குடலுக்கு அதிக ஆபத்து. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பதை மட்டும் வைத்துத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது. வலி இல்லாமலும் சேதம் நடக்கும்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு உங்களுக்கே சந்தேகம் வந்தால், உடனே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி மூலம் குடல் திசுப் பரிசோதனை. முன்பே நிறுத்திவிட்டால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரில் யாருக்காவது சீலியாக் இருந்தால் மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

ஹோட்டல்காரர்களும் நாமும்

ஒரு சின்ன உணவகம் இதற்காக லட்சக்கணக்கில் செலவு செய்ய வேண்டியதில்லை. அரிசி மாவு கலந்த பெருங்காயத்துக்கு மாறினால், சாம்பாரும் ரசமும் ஒரே நாளில் பலருக்குத் திறந்துவிடும். ஒரு தோசைக்கல்லை அரிசி மாவுக்கு மட்டும் ஒதுக்கலாம். எந்தப் பண்டத்தில் என்ன மாவு என்று ஒரு தாளில் எழுதிக் கல்லாவில் வைக்கலாம். தெரியாவிட்டால் "தெரியாதுங்க" என்று சொல்வதுகூட உதவிதான். தவறான "இல்லை"யை விட அது எவ்வளவோ மேல்.

கூடச் சாப்பிடப் போகும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. சீலியாக் நோயாளிகள் பலர், "நான் சாப்பிட்டுட்டேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லப் பழகிவிடுகிறார்கள். ஆபீஸ் பார்ட்டி, பிறந்தநாள், கல்யாணப் பந்தி எல்லாவற்றிலும் இதே வசனம். சர்வரிடம் நான்காவது முறையாகக் கேள்வி கேட்கும்போது டேபிளில் இருப்பவர்கள் நெளிவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வசனம் வருகிறது. அடுத்த முறை எந்த ஹோட்டல் என்பதை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "பெருங்காயம் என்ன பிராண்டு அண்ணே?" என்ற கேள்வியை அவர்களுக்கு முன்னால் நீங்கள் கேட்டுவிடுங்கள்.